கிளம்ப நினைக்கிறவளுக்கு: செட்டிநாட்டுப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர், அந்தப் பக்கம் பொன்னமராவதி வரை, புகுந்த வீட்டில் அடியும் அடக்குமுறையுமாக இருக்கிற பெண்களோடு ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போய் வருவது பல வருடங்களாக எனக்கு வேலை மாதிரி ஆகிவிட்டது. நான் வக்கீல் இல்லை. ஆனால் எந்தக் கேள்வி முதலில் வரும், எது கடைசியில் தயங்கித் தயங்கி வரும் என்று தெரியும். ஏறத்தாழ அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

உங்கள் போனை வேறு யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றால், படித்து முடித்ததும் ஹிஸ்டரியை அழித்துவிடுங்கள். இப்போதே ஆபத்து என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். போலீஸுக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பேசிய பிறகு அந்த எண்ணைக் கால் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அவர் என்னை அடித்ததே இல்லை. இதைப் போய்க் கொடுமை என்று சொல்லலாமா?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். அடி வாங்கியவர்களும்கூட "பெரிசா அடிக்கலை" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நம் பக்கத்தில் கணக்கு எழுதுவது ஒரு பெருமை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டு விற்கப் போன காலத்திலிருந்து வந்த பழக்கம். அதனால் கணவன் மனைவியிடம் காசுக்குக் காசு கணக்குக் கேட்டால், "பொறுப்பான பையன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பெண் என்னிடம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. அவள் கையெழுத்தில் கொத்தமல்லி 10, பால் 28, பென்சில் 5. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து. பென்சிலைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் "போன வாரம்தானே வாங்கியது?" அந்த வீட்டில் பணக் கஷ்டம் கிடையாது. அவள் சம்பளம் வாங்குகிற ஆசிரியை, ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப் பையில். ஆத்தாவைப் பார்க்கப் போக பஸ் காசு கேட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பாளாம். அடி ஒன்றுகூட விழவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த நோட்டை அவர் முன்னால் நீட்டும்போது கை நடுங்கும் என்றாள்.

கணக்கு எழுதுவது தப்பில்லை. அவர் செலவையும் அதே நோட்டில் எழுதி, நீங்களும் கேள்வி கேட்கலாம் என்றால் அது குடும்பக் கணக்கு. நீங்கள் மட்டும் எழுதி, அவர் மட்டும் திருத்தினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. 2005-இல் வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அதைப் பொருளாதார வன்முறை என்கிறது. உடலை வருத்துவது, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பணத்தையும் பொருளையும் பிடித்து வைப்பது, நான்கும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது, ஆம்பளைப் பிள்ளை பெறவில்லை என்று ஏசுவது, வேலைக்குப் போக விடாமல் தடுப்பது எல்லாம் இதில் வரும். விருப்பமில்லாதபோது படுக்கைக்குக் கட்டாயப்படுத்துவதும் வரும். வயதுக்கு வந்த மனைவியிடம் கணவன் அப்படிச் செய்வதைக் குற்றவியல் சட்டம் இன்னும் பலாத்காரமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்லலாம். நிறையப் பேர் இதைச் சொல்லவே மாட்டார்கள் என்பதால் நானே கேட்டுவிடுவேன்.

பெரிய குடும்பம். ரெண்டு கோயில் மாலையும் வாங்கி ஊரைக் கூட்டி நடந்த கல்யாணம். ஊர் என்ன சொல்லும்?

பேசும். முன்னோருக்குப் படைக்கும் ஒரு படைப்பு, இரண்டு கல்யாணம் வரைக்கும் உங்கள் கதைதான் ஓடும். அப்புறம் வேறு யார் வீட்டிலாவது ஏதாவது நடக்கும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான் பக்கம் வெளியூர்க்காரர்கள் வந்து தூணையும் தளக்கல்லையும் போட்டோ எடுக்கிறார்கள். அழகான வீடுகள்தான். ஆனால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில், வயதான மாமியாரும் ஒரு கணவனும் மனைவியும் மட்டும் இருந்தால், உள்கட்டில் நடப்பது வாசலுக்குக் கேட்காது. காலனியில் சின்ன வீட்டில் சத்தம் போட்டால் நாலு பேராவது எட்டிப் பார்ப்பார்கள். இந்தக் கொடுமையை எல்லாச் சாதியிலும் மதத்திலும் பார்த்துவிட்டேன். பெரிய வீடுகளில் அது வெளியே வர அதிக நாள் ஆகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். "கௌரவம்" என்ற பெயரில் ஊர் உங்களிடம் கேட்பது, சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொள் என்பதைத்தான். அந்தப் பொறுப்பு உங்களுடையது இல்லை.

எனக்குத் தைரியமே இல்லை அக்கா. தைரியம் வந்ததும் கிளம்பலாம் என்று நினைக்கிறேன்.

தைரியம் வந்து கிளம்பிய பெண் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாரும் பயந்துகொண்டேதான் பஸ் ஏறினார்கள். ஏற்பாடு பண்ணிக்கொண்டவர்களுக்குப் பயம் கொஞ்சம் அடங்கி இருந்தது. அதனால் தைரியத்தைத் தேடாதீர்கள், ஏற்பாட்டைப் பாருங்கள்.

முதல் ஏற்பாடு, விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆள். பத்துப் பேர் வேண்டாம். பத்துப் பேருக்குத் தெரிந்தால் பதினோராவது ஆள் உங்கள் கணவராக இருப்பார். அம்மான், சித்தி, கூடப் படித்தவள், பள்ளிக்கூட டீச்சர், ப்ளவுஸ் தைக்கிற அக்கா, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். சொந்தம்தான் வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால், சொந்தத்தில் பாதிப் பேர் இரண்டு பக்கமும் உறவாக இருப்பார்கள். கேட்டதும் "நீ என்ன செஞ்சே?" என்று கேட்காத ஆள் வேண்டும். அவரிடம் ஒரு குறிச்சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "ஊறுகாய் ஜாடியைத் திருப்பித் தரணும்" என்று மெசேஜ் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும், "ஜாடி உடைஞ்சிருச்சு" என்று வந்தால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும், இப்படி.

அடுத்து, 181-க்கு ஒரு போன். இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று யாரும் உங்களைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். சும்மா கேட்டு வைத்துக்கொள்ளவும் கூப்பிடலாம்.

கிளம்பும் முன் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

காகிதம்தான் முதலில். ஆதார், ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தகம், பான், உங்கள் படிப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகையும் இரண்டு மூன்று போட்டோவும், திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் அது. ஒரிஜினலை எடுத்தால் காணவில்லை என்று தெரிந்துவிடும் என்றால், முதலில் நகல் எடுத்து வெளியே அனுப்புங்கள். கிளம்புகிற அன்று ஒரிஜினல். நான் பார்த்ததில் நல்ல யோசனை ஒன்று: தைக்கக் கொடுக்கிற துணிக்கு நடுவில் ஒவ்வொரு காகிதமாக வைத்துத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவந்தாள் ஒருத்தி. ப்ளவுஸ் தைக்கப் போவதை எந்தக் கணவனும் சந்தேகப்படுவதில்லை.

காயம் இருந்தால் போட்டோ எடுத்து அந்த ஒரு ஆளுக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போனால் "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார் அடித்தது, எதால் அடித்தது என்று சொன்னால் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்பார்கள். பிற்பாடு கோர்ட்டில் நூறு பேர் சாட்சி சொல்வதைவிட அந்த ஒரு தாள் பேசும்.

பணம் பற்றி. உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு, அதற்கு உங்கள் கையில் இருக்கிற சிம். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை உங்களுக்கு வருகிறது என்றால், அது எந்தக் கணக்கில் விழுகிறது, அந்த மெசேஜ் எந்த போனுக்குப் போகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் ஆதாரோடு இணைந்திருப்பது கணவரின் நம்பர். ஓ.டி.பி. அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை நீங்கள் எதைச் செய்தாலும் அவருக்குத் தெரியும். ஆதார் மையத்துக்கு நேரில் போய் நம்பரை மாற்றலாம். ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். மாற்றியது தெரிந்தால் கேள்வி வரும். கிளம்புகிற வாரத்தில் செய்யுங்கள்.

கையில் காசே இல்லாவிட்டால்? சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2021-இலிருந்து அப்படித்தான். அடுத்த ஊர் வரை போய், அங்கிருந்து உங்கள் ஆள் அழைத்துக்கொள்ளலாம். காரைக்குடி ரயில்வே ஸ்டேஷனிலும் புது பஸ் ஸ்டாண்டிலும்தான் முதலில் தேடுவார்கள்.

இன்னொன்று, முக்கியமானது. "நான் போகப்போகிறேன்" என்று சண்டையில் சொல்லிவிடாதீர்கள். பிடி நழுவுகிறது என்று தெரிகிற அந்த நேரம்தான் ரொம்ப ஆபத்தானது. அதுவரை கை நீட்டாதவர்கள்கூட அன்றைக்கு நீட்டியிருக்கிறார்கள். அவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளையில், சந்தைக்குப் போகிற பையோடு கிளம்புவதே நல்லது.

கணவர் சிங்கப்பூரில். நான் மாமியாரோடு இங்கே. வீட்டில் கேமரா, எந்நேரமும் வீடியோ கால். அவர் இந்த ஊரிலேயே இல்லையே, என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வி இப்போது நிறைய வருகிறது. ஆள் இல்லாவிட்டாலும் வன்முறை நடக்கலாம். செலவுக்குப் பணம் மாமியார் கணக்குக்கு வருவது, கோயிலுக்குப் போனாலும் லொகேஷன் அனுப்பச் சொல்வது, எடுக்க ஒரு நிமிடம் தாமதமானால் "யார்கூட இருந்தே?" என்பது எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வரும். மாமியார் உடந்தை என்றால் அவர் மீதும் மனுப் போடலாம்.

போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் உங்கள் பேச்சு எல்லாம் வேறொரு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூகுள் மேப்பில் லொகேஷன் ஷேரிங் யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். அணைத்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால், இப்போதைக்குப் பார்த்து வைத்துக்கொண்டு, முக்கியமான பேச்சை வேறொருவர் போனிலிருந்து பேசுங்கள்.

நீங்களே வெளிநாட்டில் அவரோடு இருந்தால், உதவி எண் சிங்கப்பூரில் 1800-777-0000, மலேசியாவில் 15999. அவசரம் என்றால் இரண்டு நாட்டிலும் போலீஸ் 999. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார் என்றால் இந்தியத் தூதரகத்தில் சொல்லுங்கள். ஊர் திரும்புவதற்கு மட்டும் ஒரு அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள்.

எங்கே போவது? அப்பச்சி (அப்பா) வீட்டில் "அனுசரிச்சுப் போ" என்கிறார்கள்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. சகி மையம் என்றும் சொல்வார்கள். சிவகங்கைக்கு ஒன்று, புதுக்கோட்டைக்கு ஒன்று. 181-இல் கேட்டால் வழி சொல்வார்கள். காசு கிடையாது. ஐந்து நாள் வரை தங்கலாம். மருத்துவம், போலீஸ், வக்கீல், மனநல ஆலோசனை எல்லாம் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளலாம்; வளர்ந்த பையன் இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் அரசின் ஆதரவோடு நடக்கும் இல்லங்களுக்கு அவர்களே அனுப்புவார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றால் திருச்சி, தஞ்சாவூர் மாதிரி ஊர்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன.

அரண்மனை மாதிரி வீட்டில் இருந்துவிட்டு ஒரு மையத்தில் இரும்புக் கட்டிலில் படுக்கும்போது முதல் நாள் அழுகை வரத்தான் செய்யும். வரட்டும்.

புகார் கொடுத்தால் அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா? எனக்கு அது வேண்டாம்.

இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, நான் சொன்ன 2005-ஆம் வருடச் சட்டம். இது உங்களுக்குப் பாதுகாப்பு, தங்க இடம், செலவுக்குப் பணம் வாங்கித் தருவதற்கானது. மனுப் போட்டதும் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் வழியாகவோ நேராகவோ மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் போடலாம். வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடிப்பதில் இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு போடவும் மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால்தான் குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொன்று குற்ற வழக்கு. கணவனோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கு, முன்பு 498ஏ என்று எல்லாருக்கும் தெரிந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவாகிவிட்டது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. இதிலும் புகார் வந்ததும் கைது என்பது கிடையாது. காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. போனால் எழுத்தில் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "நாளைக்கு வாங்கம்மா" என்றாலும், "ரசீதை மட்டும் இன்னைக்குக் கொடுங்க மேடம்" என்று உட்கார்ந்துவிடுங்கள். இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே நான் பல பேரோடு துணைக்குப் போயிருக்கிறேன்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். போன் எண் 15100.

நானாக வெளியே போனால் வீட்டில் உரிமை போய்விடும் என்று மிரட்டுகிறார்.

போகாது. அடி தாங்காமல் வெளியே வந்தவள் "வீட்டை விட்டு ஓடியவள்" ஆகிவிட மாட்டாள். "வீடு என் பெயரிலேயே இல்லை, பங்காளிகள் பொதுச்சொத்து" என்பது நம் பக்கத்தில் சொல்லும் அடுத்த வசனம். சட்டம் அதற்கும் பதில் வைத்திருக்கிறது: கணவன் உறுப்பினராக இருக்கும் கூட்டுக் குடும்ப வீடும் "பகிர்ந்து வாழும் வீடு"தான், அதில் தங்க உங்களுக்கு உரிமை உண்டு. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீட்டிலும் மருமகள் வாழ்ந்திருந்தால் தங்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அது சொத்தில் பங்கு இல்லை, தங்கும் உரிமை. அந்த வீட்டிலேயே இருக்க முடியாது என்றால் வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கும்படி உத்தரவு கேட்கலாம்.

வழக்கை அவர் ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. இப்போது நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்களோ, தற்காலிகமாக இருந்தாலும், அங்கே போடலாம்.

என் நகை, சாமான்?

இந்த விஷயத்தில் செட்டிநாட்டுப் பெண்களுக்கு மற்ற ஊர்ப் பெண்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது, ஆனால் பாதிப் பேருக்கு அது தெரியாது. நம் கல்யாணங்களில் எதற்கும் பட்டியல் உண்டு. சாமான் பரப்பும்போது பெட்டி பெட்டியாக, பித்தளை, எவர்சில்வர், வெள்ளி என்று எழுதி வைத்திருப்பார்கள். பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கும். மொய் நோட்டு இருக்கும், நகரத்தார் கல்யாணம் என்றால் இசைபிடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதியிருப்பார்கள். உங்கள் ஆத்தாவின் இரும்புப் பெட்டியில் அந்தப் பட்டியல் இன்னும் இருக்கும். எடுத்து நகல் போட்டு வையுங்கள். கல்யாண வீடியோவில் சாமான் பரப்பியதை வளைத்து வளைத்து எடுத்திருப்பார்கள்; அப்போது எரிச்சலாக இருந்திருக்கும், இப்போது அது சாட்சி.

உங்களுக்குப் போட்ட நகை, கழுத்திரு என்கிற கல்யாணத் தாலி நகை உட்பட, உங்களுக்குக் கொடுத்த சாமான், உங்கள் பெயரில் போட்ட பணம் எல்லாம் சீதனம். அது முழுக்க உங்களுடையது. கணவனோ மாமியாரோ பாதுகாப்புக்கு வைத்திருப்பதால் அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கச் சொல்லியும், லாக்கரை அவர் திறக்கக் கூடாது என்றும் மாஜிஸ்ட்ரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். நகைக் கடனில் இருந்தால் அடகு ரசீதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. நகையை எடுக்க வேண்டும் என்பதற்காகக் கிளம்பும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள். கழுத்திருவுக்காக லாக்கர் சாவி தேடி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வாரா?

ஐந்து வயதுக்குள் என்றால் சாதாரணமாகத் தாயிடம்தான் விடுவார்கள். அதற்கு மேல், பிள்ளைக்கு எது நல்லது என்று கோர்ட் பார்க்கும். குடும்ப வன்முறை மனுவிலேயே தற்காலிகமாகப் பிள்ளைகள் உங்களிடம் இருக்க உத்தரவு கேட்கலாம். முடிந்தவரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே கிளம்புங்கள். விட்டுவிட்டு வந்து பிறகு கேட்பது கஷ்டம். டி.சி. கிடைக்கவில்லை என்பதற்காக எட்டாவது வரை எந்த அரசுப் பள்ளியும், அரசு உதவி பெறும் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

"பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பிள்ளை ராத்திரியில் எந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்காருகிறது என்று மட்டும் கேட்பேன்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசலாம் என்கிறார்கள்.

பேசட்டும். ஆனால் நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு பேசுங்கள். உங்களை அந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டு நடக்கிற பேச்சு பேச்சே இல்லை. அவர் இருக்கும்போது நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள். வெற்றுத் தாளிலோ வெற்றுப் பத்திரத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புக்கொண்டது எதுவானாலும் எழுத்தில், நகலோடு. "இனிமே செய்ய மாட்டேன்" என்று கோயிலில் சத்தியம் பண்ணுவதைப் பெரியவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. ஏ.டி.எம். கார்டைத் திருப்பிக் கொடுத்தாரா, கேமராவைக் கழற்றினாரா, குடியை நிறுத்தச் சிகிச்சைக்குப் போனாரா என்று கேளுங்கள்.

கட்டப்பஞ்சாயத்துக்காரர்கள் இரண்டு பக்கமும் காசு வாங்கிக்கொண்டு முடித்து வைப்பது தனிக் கதை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் போனால் செத்துப்போவேன் என்கிறார்.

உண்மையிலேயே அப்படி ஒரு நிலையில் இருக்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது மருத்துவர். அவர் அண்ணனுக்கோ நண்பருக்கோ போன் செய்து சொல்லிவிடுங்கள், 112-க்கும் சொல்லலாம். அதோடு உங்கள் பங்கு முடிந்தது. நீங்கள் திரும்பிப் போய் அவரைக் காப்பாற்ற முடியாது.

உங்களுக்கே அந்த எண்ணம் வருகிறதென்றால், அது நிறையப் பேருக்கு வருகிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. மனநல உதவிக்கு 14416, அல்லது 104. இரண்டிலும் தமிழில் பேசலாம். கிணற்றடிக்கோ மாடிக்கோ தனியாகப் போகாதீர்கள். அந்த ஒரு ஆளைக் கூப்பிட்டு, "என் பக்கத்திலேயே இரு" என்று சொல்லுங்கள்.

வெளியே வந்து எப்படிச் சாப்பிடுவது?

ஜீவனாம்சம் கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்திலும் கேட்கலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக, பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டத்தில் வந்திருக்கும் 144-ஆம் பிரிவிலும் கேட்கலாம். மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் மனுவைத் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். உத்தரவு வரும், பணம் வர நாளாகும்.

நம் பக்கத்துப் பெண்களுக்குக் கை வேலை உண்டு. தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், கைமுறுக்கு என்று பலகாரம் போட்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆச்சிமார்கள் கைப்பக்குவத்துக்கு வெளியூரில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் தொடரலாம். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்குச் சமூக நலத் துறையில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. அதே அலுவலகத்துக்குத்தான் போகப்போகிறீர்கள், கையோடு கேட்டுவிடுங்கள்.

விவாகரத்து உடனே வாங்க வேண்டுமா?

வேண்டாம். பாதுகாப்புக்கும் ஜீவனாம்சத்துக்கும் விவாகரத்து தேவையில்லை. மனசு தெளிந்த பிறகு முடிவு செய்யலாம். இந்துத் திருமணச் சட்டத்தில், மிகக் கடுமையான நிலை இருந்தாலொழிய, கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் மனுப் போட முடியாது. இருவரும் சம்மதித்தால், ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகு மனு, அப்புறம் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யவும் முடியும். முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்களுக்குத் தனித் தனிச் சட்டம், ஆனால் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஒருதரம் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். இனி யார் முகத்தில் விழிப்பது?

அதே முகத்தில்தான். வந்து, போய், மறுபடி வந்தவர்கள்தான் அதிகம். மையத்திலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது; சுளித்தால் அது அவர்கள் தப்பு. பழைய சி.எஸ்.ஆர். நம்பரை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த தடவை அது உதவும்.

என் மகள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், ஆனால் ஏதோ சரியில்லை. நாங்கள் என்ன செய்வது?

"சந்தோஷமா இருக்கியா?" என்று போனில் கேட்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள். நேரில் போங்கள், ஏதாவது பலகாரத்தை எடுத்துக்கொண்டு, சொல்லாமல். அவளைத் தனியாகக் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "எப்ப வேணும்னாலும் வா, எதுவும் கேக்க மாட்டோம்." தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும், அண்ணன் பொண்டாட்டி என்ன நினைப்பாள், இதெல்லாம் அவளுக்கே தெரியும். நீங்கள் வேறு சொல்ல வேண்டாம். வந்துவிட்டாள் என்றால் மாப்பிள்ளை பின்னாலேயே வருவார், அழுவார், காலில் விழுவார். அவளைக் கேட்காமல் உள்ளே விடாதீர்கள்.

பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறது. அவர்கள் குடும்ப விஷயத்தில் தலையிடலாமா?

அந்த நிமிடம் போய்க் கதவைத் தட்டி, கொஞ்சம் உறைமோர் வேண்டும் என்று கேளுங்கள். அவ்வளவுதான். பல சமயம் கை அங்கேயே நின்றுவிடும். தனியாகப் போகாதீர்கள், வீட்டு ஆம்பளை யாரையாவது வாசலில் நிற்கச் சொல்லுங்கள். ஆயுதம் ஏதாவது கையில் இருக்கும் போலத் தெரிந்தால் போக வேண்டாம், 112-க்குச் சொல்லுங்கள். மறுநாள் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்தால் 181 என்ற எண்ணைச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம், மனப்பாடம் ஆகிவிடும். பாதுகாப்பு அலுவலருக்கு நீங்களே தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் போட முடியாது என்று அதே 2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவில் இருக்கிறது.